பாக்கெட்டில் போட்டிருக்கிறதே

அச்சகத்தில் எல்லோருக்கும் அவள் டப்பா அக்காதான். முதலாளிகூட அப்படித்தான் கூப்பிடுவார். அவளைவிடப் பத்து வயது மூத்தவர் என்பது அவருக்கும் உறைத்ததில்லை, மற்றவர்களுக்கும் உறைத்ததில்லை. எங்கே போனாலும் அவள் கைப்பையில் மூடி போட்ட எவர்சில்வர் டப்பா ஒன்று இருக்கும். யாராவது ஒரு பிஸ்கட்டை நீட்டினால், “வேணாம்பா, டப்பா இருக்கு” என்பாள். அதைக் கேட்டுக் கேட்டே பெயராக்கிவிட்டார்கள்.

அது லேபிள் அடிக்கிற அச்சகம். ஜாம் பாட்டில், ஷாம்பு, இருமல் மருந்து, கரப்பான்பூச்சி மருந்து, எல்லாவற்றுக்கும் சட்டை தைத்துக் கொடுக்கிற இடம் என்று முதலாளி பெருமையாகச் சொல்வார். பெரிய மிஷினில் அச்சாகி வரும் லேபிள் சுருள் கடைசியாக அவள் மேசைக்கு வரும். இடது உருளையிலிருந்து வலது உருளைக்கு ஓடும். நடுவில் வெள்ளை விளக்கு. எழுத்து உடைந்திருக்கிறதா, நிறம் விலகியிருக்கிறதா, வெட்டு கோணலா என்று பார்க்க வேண்டும். பிழை கண்ணில் பட்டால் மிதியை அழுத்தி நிறுத்தி, கெட்டதை உரித்து எடுத்து, நல்லதை ஒட்டி மறுபடி ஓட்ட வேண்டும். நாள் முழுக்க அதே வேலை. ஊரில் விற்கிற ஒவ்வொரு பொருளிலும் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது அப்படித்தான். தெரிந்து என்ன செய்ய? லேபிளில் எழுதியிருப்பது உண்மையா என்று பார்ப்பது அவள் வேலை இல்லை. எழுதியது தெளிவாக விழுந்திருக்கிறதா என்பதுதான் வேலை.

அவள் உடம்பு கெடத் தொடங்கியது இருபதுகளில். வயிறு உப்பும். சாப்பிட்டது உடம்பில் ஒட்டாது. கை கால் குச்சியாக, முகம் காகிதமாக வெளுத்துப் போயிருக்கும். ஒரு டாக்டர் அல்சர் என்றார். இன்னொருவர் நரம்பு என்றார். மூன்றாமவர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, “மனசை லேசா வெச்சுக்கோங்க, சரியாயிடும்” என்று அனுப்பிவைத்தார். மனதை லேசாக வைத்துக்கொண்டுதான் கல்யாணம் செய்துகொண்டாள். மூன்று முறை கரு தரித்தது, மூன்றும் தங்கவில்லை. கணவர் கெட்டவர் என்று சொல்ல முடியாது. அவருடைய பொறுமை தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான். ஒரு மழைக்காலத்தில் இரண்டு பெட்டிகளோடு போனார். குடையை மறந்து வைத்துவிட்டுப் போனவர், அதைக் கேட்டுக்கூட வரவில்லை.

முப்பத்தெட்டு வயதில் ஒருநாள் சுருள் ஓடிக்கொண்டிருக்கும்போதே மேசை மேல் சாய்ந்துவிட்டாள். அரசு ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டரம்மா, மற்றவர்கள் கேட்காத ஒரு கேள்வியைக் கேட்டார்: “தினமும் என்ன சாப்பிடுவீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க.” ரத்தம் எடுத்தார்கள். தொண்டை வழியாகக் குழாய் விட்டுச் சிறுகுடலிலிருந்து துளி சதை எடுத்தார்கள். முடிவு வந்ததும் டாக்டரம்மா நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டு விளக்கினார்.

“கோதுமை மாவைப் பிசைஞ்சா ரப்பர் மாதிரி இழுபடுதில்ல? அந்த இழுவைக்குக் காரணமான புரதத்துக்குப் பேர் குளூட்டன். கோதுமையில இருக்கு, பார்லியில இருக்கு. அது உள்ள போனா உங்க உடம்பு உங்க குடலையே அரிக்குது.”

“மருந்து?”

“மருந்து கிடையாது. அதைச் சாப்பிடாம இருக்கணும். ஆயுசுக்கும். ஒரு துளிகூடக் கூடாது. துளின்னா நிஜமாவே துளி. ரொட்டி வெட்டின கத்தியால உங்க பழத்தை வெட்டக்கூடாது.”

அவள் மனதுக்குள் வருடங்களைக் கணக்குப் போட்டாள். பிறகு, “அப்போ அந்த மூணு குழந்தைங்க...” என்றாள்.

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். “இருக்கலாம். உறுதியா சொல்ல முடியாதும்மா. ஆனா இருக்கலாம்.”

அதைச் சொல்ல வேண்டிய மனிதருக்கு அப்போது வேறு மனைவியும் ஒரு மகனும் இருந்தார்கள். அவள் யாரிடமும் சொல்லவில்லை.

உடம்பு ஆறு மாதத்தில் தேறியது. கன்னத்தில் சதை பிடித்தது. ஆனால் உடம்பு தேறத் தேற மனிதர்கள் விலகிப் போனார்கள். யாரும் வேண்டுமென்று விலகவில்லை. அச்சகத்துச் சாப்பாட்டு அறையில் நீளமான ஒரே மேசை. எல்லோரும் ரொட்டியைப் பிய்ப்பார்கள், துகள் பறக்கும், ஒருவர் தட்டில் இன்னொருவர் கை போகும். கொஞ்ச நாள் மேசையின் ஓரத்தில் உட்கார்ந்தாள். பிறகு ஜன்னலோரம் ஒரு ஸ்டூலுக்கு மாறினாள். பிறகு காகிதச் சுருள்கள் அடுக்கியிருக்கும் கிடங்கில், ஒரு சுருளையே ஆசனமாக்கிக்கொண்டு சாப்பிடப் பழகிவிட்டாள். சாப்பாட்டு அறையில் சிரிப்புச் சத்தம் கேட்கும். என்ன ஜோக் என்று பிறகு கேட்டால், “அது அப்போ சொன்னாத்தான்கா சிரிப்பு வரும்” என்பார்கள்.

கல்யாணங்களுக்கு விருந்து முடிந்தபின் போவாள். ஓட்டலில் நண்பர்கள் கூடினால் பாட்டில் தண்ணீரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மற்றவர்களுக்கு வாயில் வைக்கவே கூச்சமாகிவிடும். அப்புறம் அவர்கள் கூப்பிடுவதை விட்டுவிட்டார்கள். அதில் தப்புச் சொல்லவும் முடியாது.

மிச்சமிருந்தது தங்கை வீடு ஒன்றுதான். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் போவாள். தங்கை கைமணம் உள்ளவள். யாராவது சாப்பிடாமல் திரும்பினால் அன்றைக்கு அவளுக்குத் தூக்கம் வராது. அப்படிப்பட்டவள் வீட்டில் அக்கா வந்து டப்பாவைத் திறந்தால் எப்படி இருக்கும்?

“ஒரு வாய்க்கா. ஒரே ஒரு வாய். செத்தா போயிடுவ?”

“செத்துப் போக மாட்டேன்டி. ரெண்டு வாரம் செத்து செத்துப் பொழைப்பேன்.”

“என் கையில விஷமா இருக்கு?”

“உன் கையில இல்ல. மாவுல இருக்கு.”

இப்படியே பேசிப் பேசி, சிரிப்பாக ஆரம்பித்தது மெல்ல மெல்லச் சிரிப்பில்லாமல் போனது.

அந்த நிலையில்தான் ஒருநாள் ஒரு புதுச் சுருள் மேசைக்கு வந்தது. ஊருக்கு வெளியே இருக்கிற ஒரு மாவு மில்லின் சோள மாவு லேபிள். பழைய லேபிள்தான், ஆனால் மூலையில் புதிதாக ஒரு பச்சை வட்டம். வட்டத்துக்குள் ‘குளூட்டன் இல்லாதது’ என்ற இரண்டு வார்த்தைகள். அவள் மிதியை அழுத்தி மிஷினை நிறுத்தினாள்.

“என்னக்கா, பிழையா?” என்று மிஷின்காரர் எட்டிப் பார்த்தார்.

“பிழை இல்ல. சும்மா நிறுத்தினேன்.”

வெளிநாட்டுப் பாக்கெட்டுகளில் மட்டும் பார்த்திருந்த வார்த்தை. பெரிய கடையில் பூட்டிய கண்ணாடி அலமாரியில், நகை மாதிரி வைத்திருப்பார்கள். இப்போது பக்கத்து மில்லிலிருந்தே வருகிறது. அன்று மாலை தங்கைக்குப் போன் செய்து லேபிளின் நிறம், எழுத்து, மில்லின் பெயர் எல்லாம் சொன்னாள். “நானே செக் பண்ண லேபிள்டி” என்றாள், மாவையே செக் செய்ததுபோல.

அடுத்த வாரம் அவளுடைய பிறந்தநாள். தங்கை புது அகப்பை, புதுக் கிண்ணம், புது கேக் தட்டு எல்லாம் வாங்கியிருந்தாள். அடுப்பை உள்ளும் புறமும் தேய்த்துக் கழுவியிருந்தாள். மாவுப் பாக்கெட்டைக் கொண்டுவந்து அக்காவின் கண்ணெதிரே பிரித்தாள். “பாரு, பாக்கெட்டுல போட்டிருக்கு. படிச்சுக்கோ. அப்புறம் என்னைக் கேட்காத.” கேக் கொஞ்சம் பொலபொலவென்று உதிர்ந்தது. ஆனாலும் தங்கையின் கை. தங்கை, தங்கையின் கணவர், அவர்கள் மகள், எல்லோரும் ஒரே கேக்கிலிருந்து வெட்டிச் சாப்பிட்டார்கள். “பெரியம்மா, அந்த ஓரத்துத் துண்டு எனக்கு” என்று மகள் அவள் தட்டில் கைவைத்து எடுத்தபோது, டப்பா அக்கா தட்டையே அவள் பக்கம் நகர்த்திவைத்தாள். அவள் தட்டில் யாரும் கைவைத்து ஆறு வருடமாகியிருந்தது.

அன்றிலிருந்து அந்த மாவைத் தன் அறையிலும் வாங்கி வைத்தாள். காலையில் அதில் ஒரு அடை மாதிரி தட்டிப்போட்டுச் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போனாள். இரண்டு வாரத்தில் வயிறு முனக ஆரம்பித்தது. வேறு ஏதோ என்று நினைத்தாள். எண்ணெயை மாற்றினாள், தண்ணீரைக் கொதிக்கவைத்தாள். மாவை மட்டும் மாற்றவில்லை. இரண்டு மாதத்தில் படி ஏறினால் மூச்சு வாங்கியது. சுருளின் எழுத்துகள் கண்ணுக்கு முன் நீந்தின.

டாக்டரம்மா ரத்த முடிவைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினார். “பழைய நிலைமைக்கே போயிருக்கீங்க. என்னத்தை மாத்தினீங்க?”

“எதுவும் மாத்தலையே டாக்டர். நல்ல மாவா வாங்கிச் சாப்பிடுறேன். பாக்கெட்டுல போட்டிருக்கு.”

“யார் போட்டது?”

அன்றே அறைக்குப் போய் அந்த மாவை எடுத்துக் குப்பையில் போட்டாள்.

தங்கையிடம் சொல்லாமல் மறைத்திருக்கலாம். ஆனால் தங்கை அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அதே மாவில் ஏதோ செய்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது.

“அந்த மாவுதான்னு எப்படிச் சொல்ற?” என்றாள் தங்கை.

“அதை நிறுத்தினதும் குறைஞ்சிருக்குடி.”

“பாக்கெட்டுல போட்டிருக்கே! நீதானே சொன்ன? நீ அடிச்ச லேபிள்தானே? இப்போ பாக்கெட் பொய் சொல்லுதா, இல்ல நான் வேற மாவைப் போட்டு உன்னை ஏமாத்தினேனா?”

“நான் அப்படிச் சொன்னேனா?”

“சொல்லலை. முகத்துல எழுதி ஒட்டியிருக்கு.” தங்கை அடுப்பை அணைத்தாள். “எனக்குக் களைச்சுப் போச்சுக்கா. நீ வரும்போதெல்லாம் பரீட்சை எழுதுற மாதிரி இருக்கு. எழுதுறேன், எழுதுறேன், ஒரு தடவைகூடப் பாஸாக மாட்டேங்கிறேன்.”

அதற்குப் பிறகும் போன் பேசினார்கள். மழை பெய்ததா, மகளுக்குப் பரீட்சை எப்போது என்று பேசினார்கள். ஞாயிற்றுக்கிழமை என்ற சொல் இருவர் வாயிலும் வரவில்லை.

அவள் ஒரு விடுமுறை நாளில் மில்லுக்குப் போனாள். மில்காரர் தலை, புருவம், காது மடல் எல்லாம் மாவு படிந்து, நரைத்துப்போனவர் மாதிரி இருந்தார். மோசடிக்காரரின் முகம் இல்லை. உட்காரச் சொல்லி, ஸ்டூலைத் துடைத்துக் கொடுத்தார்.

“கோதுமை ஒரு மணி கலக்கலையேம்மா. முழுக்கச் சோளம்தான். வேணும்னா மூட்டையைப் பிரிச்சுக் காட்டறேன்.”

“இதே மிஷின்ல கோதுமையும் அரைப்பீங்களா?”

“காலையில கோதுமை, மத்தியானம் சோளம். நடுவுல நல்லா தட்டிட்டுத்தான் போடுவோம்.”

தட்டினால் போகிற சமாச்சாரம் இல்லை என்று அவள் விளக்கினாள். அவர் கவனமாகக் கேட்டார். “எவ்வளவு ஒட்டியிருக்கலாம், எவ்வளவு கூடாதுன்னு யாராவது சொல்லட்டும்மா, கேட்டுக்கிறேன். கடைக்காரங்க அப்படிப் போட்டா விக்கும்னாங்க. போட்டேன். போடக்கூடாதுன்னு சட்டம் இருக்கா?”

அதைக் கேட்கத்தான் உணவுத் துறை அலுவலகத்துக்குப் போனாள். மூன்றாவது மாடி. லிஃப்ட் வேலை செய்யவில்லை. உள்ளே நெற்றியில் கண்ணாடியை ஏற்றிவைத்துக்கொண்டு அதையே மேசையெல்லாம் தேடிக்கொண்டிருந்த பிரிவு அலுவலர் ஒருவர். “நெத்தியில இருக்கு சார்” என்றுதான் அவளுடைய முதல் வாக்கியம் அமைந்தது. அவர் சிரித்தார். அவள் சொன்னதை முழுதும் கேட்டார். கடைசியில் கையை விரித்தார்.

“கஷ்டமாத்தாம்மா இருக்கு. ஆனா ‘குளூட்டன் இல்லாதது’ங்கிற வார்த்தைக்கு நம்ம சட்டத்துல இன்னும் அர்த்தமே கிடையாது. அர்த்தம் இல்லாத வார்த்தையைத் தப்பாப் போட்டாங்கன்னு எப்படி வழக்குப் போடுறது? விதி வரைவுல இருக்கு.”

“எப்போ வரும் சார்?”

“வந்துடும்.”

வரைவில் இருக்கிறது என்பதை அவர் சொன்ன விதம், உறவுக்காரர் ஒருவர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்பது போல இருந்தது. அவளும் அப்படியே விசாரிக்கப் பழகிக்கொண்டாள். சில மாதங்களுக்கு ஒருமுறை லீவு போட்டுவிட்டு மூன்று மாடி ஏறுவாள். அவருக்கு மனதுக்குள் வரைவு சார் என்று பெயர் வைத்துக்கொண்டாள்.

“வரைவு எப்படி சார் இருக்கு?”

“நல்லா இருக்கும்மா. மேலே போயிருக்கு.”

“போன தடவையும் மேலதானே இருந்துச்சு?”

“அது கீழே வந்து, திருப்பி மேலே போயிருக்கு.”

ஒருமுறை நிபுணர் குழுவில் தகராறு. பத்து லட்சத்தில் இருபது பங்கு குளூட்டன் வரை இருக்கலாமா, நூறு பங்கு வரையா என்று பெரியவர்கள் இரு அணியாகிவிட்டார்கள். ஒருமுறை தேர்தல். ஒருமுறை புது அமைச்சர். முதலிலிருந்து அவருக்கு விளக்க வேண்டும். ஒருமுறை எல்லாம் தயார், ஆனால் அளந்து பார்க்க ஆய்வகத்தில் கருவி இல்லை. கருவி வந்தபோது அதை இயக்கத் தெரிந்தவர் மாற்றலாகிப் போயிருந்தார். வரைவு சார் ஒவ்வொரு முறையும் தன் வீட்டுக் குறையைச் சொல்வதுபோலக் கூச்சத்தோடு சொல்வார். அவர் மேல் கோபப்பட அவளால் முடியவில்லை. கோபப்பட வேறு யாராவது ஆள் கிடைத்தால் தேவலை என்றிருந்தது.

இதற்கிடையில் பச்சை வட்டம் பெருகியது. மில்லைப் பார்த்து இன்னொரு மில், அதைப் பார்த்து நூடுல்ஸ் கம்பெனி, சூப் பொடி, சாக்லேட். எல்லாச் சுருளும் அவள் மேசைக்குத்தான் வந்தன. அவள் முதலாளியிடம் போய், இந்த வார்த்தைக்குச் சோதனைச் சான்று கேட்டு வாங்கிவிட்டு அடிக்கலாமே என்றாள்.

முதலாளி யோசித்தார். “நாம அச்சடிக்கிறவங்கம்மா, அளக்கிறவங்க இல்ல. நான் கேட்டா பக்கத்துத் தெருவுல கேட்காம அடிச்சுக் கொடுப்பான்.” பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, “உங்களுக்குச் சங்கடமா இருந்தா அந்த ரோல்களை வேற பொண்ணு பார்க்கட்டும்” என்றார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். அன்றிலிருந்து சாப்பாட்டுப் பொருள் சுருள்கள் பக்கத்து மேசைக்குப் போயின. அவளுக்கு ஷாம்பும் பினாயிலும் வந்தன. படிப்பதற்கு அவற்றில் ஒன்றுமே இல்லை.

ஒருநாள் வரைவு சார் தாமே போன் செய்தார். கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கிறது, யார் வேண்டுமானாலும் வந்து பேசலாம் என்றார். டப்பா அக்கா இஸ்திரி போட்ட உடையில் போனாள். குளிரூட்டிய பெரிய அறை, வட்ட மேசைகள். மாவுக் கம்பெனிகளின் ஆட்கள், கடைச் சங்கத்தார், இரண்டு பேராசிரியர்கள். வாசலில் ஒரு பெண், “எந்த அமைப்பு மேடம்?” என்று கேட்டாள்.

“அமைப்பு எதுவும் இல்லம்மா. நான்தான்.”

அந்தப் பெண் எழுதுவதற்கு இடம் தேடி, கடைசியில் ஒரு அட்டையில் ‘தனிநபர்’ என்று எழுதி உடையில் குத்திக்கொள்ளக் கொடுத்தாள்.

அவள் முறை வந்தபோது எழுந்து நின்றாள். தனக்கு நடந்ததைச் சொன்னாள். பிறந்தநாள் கேக்கைச் சொன்னாள், மில்காரர் கெட்டவர் இல்லை என்பதையும் சொன்னாள். “எனக்கு எல்லாப் பாக்கெட்லயும் அந்த வார்த்தை வேணாம் சார். போட்டிருந்தா நம்பணும். அவ்வளவுதான் கேட்கிறேன்” என்று முடித்தாள். பேராசிரியர் ஒருவர் தலையாட்டினார். தலைவர், மிக்க நன்றி, கருத்தில் கொள்ளப்படும் என்றார். பிறகு இடைவேளை.

பக்கத்து அறையில் சாண்ட்விச், பேஸ்ட்ரி, பிஸ்கட் என்று அடுக்கியிருந்தார்கள். கோதுமை இல்லாமல் உப்பும் தண்ணீரும்தான் இருந்தன. எல்லோரும் தட்டோடு நின்று கலகலவென்று பேசினார்கள். எதிரணியில் சண்டை போட்டவர்கள் தோளில் கைபோட்டுச் சிரித்தார்கள். வரைவு சார் ஒரு தட்டு நிறைய எடுத்துக்கொண்டு வேகமாக அவளிடம் வந்து, “சாப்பிடுங்கம்மா, நல்லா பேசினீங்க” என்று நீட்டினார். நீட்டிய பிறகுதான் அவருக்கு உறைத்தது. முகம் வெளுத்துவிட்டது.

“மன்னிச்சுக்கங்கம்மா. நானே... நானே மறந்துட்டேனே.”

“பரவாயில்ல சார். டப்பா இருக்கு.”

ஆனால் அங்கே அதைத் திறக்க மனம் வரவில்லை. வெளியே வந்து பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, திரும்ப உள்ளே போகாமல் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

தங்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். தங்கைக்கு எப்போதும் ரத்தம் குறைவு. இரும்புச் சத்து மாத்திரை விழுங்கிக்கொண்டேயிருப்பாள், ஏறவே ஏறாது. இந்த நோய் கூடப்பிறந்தவர்களுக்கும் வரலாம் என்று டாக்டரம்மா சொன்னதிலிருந்து டப்பா அக்காவுக்கு அந்தச் சந்தேகம் இருந்தது. மகள் பள்ளி முடித்த சமயம் பார்க்கப் போனபோது, தங்கை பட்டப்பகலில் படுத்துக்கிடந்தாள்.

“ஒரு ரத்தப் பரிசோதனைடி. நான் கூட வரேன்.”

“வேணாம்.”

“இருந்தா தெரிஞ்சுக்கணும்ல? மூணு குழந்தையைத் தொலைச்சப்புறம் தெரிஞ்சுக்கிட்டவ சொல்றேன்.”

தங்கை எழுந்து உட்கார்ந்தாள். “தெரிஞ்சு என்ன பண்ணணும்? உன்னை மாதிரி ஆயிடணுமா நான்? தனியா சமைச்சு, தனியா தின்னு, நாலு பேர் கூடுற இடத்துக்கு நேரம் பார்த்துப் பார்த்துப் போயி... அதுக்கு இந்தக் களைப்பே மேல்கா.”

சொன்ன வேகத்திலேயே தங்கை வாயைப் பொத்திக்கொண்டாள். டப்பா அக்கா எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டாள். கோபம் வரவில்லை. தன் வாழ்க்கை வெளியிலிருந்து பார்த்தால் இப்படித்தான் தெரிகிறது என்பதை அதுவரை யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. பஸ்ஸில் வரும்போது ஜன்னல் கண்ணாடியில் தன் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

விதி கடைசியில் வந்தே விட்டது. வரைவு சார் ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்கள் முன்பு. போனில் அவர் குரல் பேரன் பிறந்தவர் குரல் மாதிரி இருந்தது. “வந்துடுச்சும்மா! இருபது பங்கு. அதுக்கு மேல இருந்தா அந்த வார்த்தையைப் போடக்கூடாது. போட்டா அபராதம். கையில இருக்கிற பழைய லேபிளை முடிக்க ஒரு வருஷம் டைம்.”

“ரொம்ப சந்தோஷம் சார்.”

“உங்களுக்குத்தான் முதல்ல சொல்றேன்.”

போனை வைத்துவிட்டு இதை யாரிடம் சொல்வது என்று பார்த்தாள். மிஷின்காரரிடம் சொன்னாள். “அப்படியாக்கா? நல்லது” என்று மசித் தகரத்தைத் திறக்கப் போய்விட்டார்.

அந்த ஒரு வருடம் போனது. அப்புறம் ஆர்டர்கள் வர ஆரம்பித்தன. பழைய லேபிள்தான், பச்சை வட்டம் மட்டும் வேண்டாம். முதலில் அந்த மில். தனியாக ஒரு மிஷின் போட்டு, மாதாமாதம் சோதனை செய்ய அவரால் ஆகாது. “நியாயமாச் சொல்லிட்டாங்க, எடுத்துட்டேன்” என்று அச்சகத்துக்கு வந்தபோது அவளிடமே சொன்னார். பிறகு நூடுல்ஸ், சூப் பொடி, சாக்லேட் என்று ஒவ்வொன்றாக. ஒரு மாலை பெரிய கடைக்குப் போனாள். வரிசையாகப் பச்சை வட்டம் சிரித்துக்கொண்டிருந்த அலமாரி காலியாகியிருந்தது. ஓரத்தில் இரண்டே பாக்கெட், வெளிநாட்டிலிருந்து வந்தவை. இத்தனை வருடம் படி ஏறி இறங்கி வாங்கிவந்தது இந்தக் காலி அலமாரியைத்தான். ஆனால் அந்த இரண்டு பாக்கெட்டையும் நம்பலாம். அவள் அதில் ஒன்றை எடுத்துக் கூடையில் போட்டுக்கொண்டாள். பக்கத்தில் நின்று காபித்தூள் பார்த்துக்கொண்டிருந்த அம்மாளிடம், “இது இப்போ நிஜம்தான் தெரியுமா?” என்று சொல்லவேண்டும்போல இருந்தது. அந்த அம்மாள் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

சில வாரம் கழித்து, மதிய நேரத்தில் தங்கை போன் செய்தாள். வழக்கமாக அந்த நேரத்தில் செய்ய மாட்டாள்.

“அக்கா, டெஸ்ட் எடுத்துட்டேன். மக கையோட இழுத்துட்டுப் போயிட்டா. சொன்னா நீ பயப்படுவேன்னு சொல்லலை.”

டப்பா அக்கா கிடங்கின் சுவரைப் பிடித்துக்கொண்டாள். “என்னாச்சு?”

“இல்லையாம்! எனக்கு இல்லையாம்கா! வெறும் ரத்தக்குறைவுதானாம். மருந்து மாத்திக் கொடுத்திருக்காங்க.”

“நல்லதுடி. ரொம்ப நல்லது. வயித்துல பாலை வார்த்த.”

அது பொய்யில்லை. நெஞ்சில் ஏறியிருந்த கல் இறங்கியது. போனை வைத்துவிட்டுத் திரும்பியபோதுதான் கண்ணில் நீர் நிற்பது தெரிந்தது. கொஞ்ச நாளாகவே, தனக்குக்கூடச் சொல்லாமல், என்னென்னவோ நினைத்து வைத்திருந்தாள்: தங்கையை எந்தக் கடைக்குக் கூட்டிப்போவது, எந்தப் பாக்கெட்டில் எந்த வரியை முதலில் படிக்கச் சொல்வது, தன் அறையில் இரண்டு பேருக்குச் சமைத்தால் அந்தச் சிறு பாத்திரம் போதுமா. கூடப்பிறந்தவளுக்கு நோய் வர வேண்டும் என்று எந்த மனுஷியாவது விரும்புவாளா? அவள் குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவினாள். போன் மறுபடி அடித்தது.

“ஏன்கா சட்டுனு வெச்சுட்ட?”

“வேலை இருக்குடி.”

“பொய். சாப்பாட்டு நேரம்.” தங்கை கொஞ்சம் தயங்கினாள். “உனக்கு ஒரு துணை கிடைக்கும்னு நெனச்சியா?”

டப்பா அக்கா சொட்டிக்கொண்டிருந்த குழாயை இறுக்கி மூடினாள். பிறகு, “ஆமாடி. நெனச்சிருக்கேன் போல. என்னை மன்னிச்சுக்கோ” என்றாள்.

“நீ எதுக்கு மன்னிப்புக் கேட்கிற? அன்னிக்கு அப்படிப் பேசினவ நான்.” மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம். “இந்த ஞாயித்துக்கிழமை வா. நான் உனக்குன்னு ஒண்ணும் செய்ய மாட்டேன். உன்னோடதை நீ சாப்பிடு, எங்களோடதை நாங்க சாப்பிடுறோம். பரீட்சை கிடையாது.”

போனாள். மகள் மேசையை ஈரத்துணியால் இரண்டு தடவை துடைத்து வைத்திருந்தாள். மற்றவர்கள் ரொட்டித் தட்டோடு மறுகோடிக்கு நகர்ந்திருந்தார்கள். அதனால் உப்பு வேண்டியபோது தங்கையின் கணவர் எழுந்து நடந்துவந்து கொடுக்க வேண்டியிருந்தது. யாரும் யார் தட்டிலும் கைவைக்கவில்லை. முதலில் எல்லோருமே கொஞ்சம் மரியாதையாகச் சாப்பிட்டார்கள். பிறகு மகள் தன் கல்லூரிக் கதை ஏதோ சொல்ல, தங்கைக்குப் புரையேறுமளவு சிரிப்பு வந்தது. அந்த ஜோக்கை மகள் சொல்லும்போதே டப்பா அக்கா கேட்டாள்.

மாலையில் தங்கை பஸ் நிறுத்தம் வரை வந்தாள். பஸ் தாமதம். புது மாத்திரை கறுப்பாக இருக்கிறது, விழுங்கவே பிடிக்கவில்லை என்று தங்கை சொன்னாள். சாப்பாட்டோடு விழுங்காதே, ஒட்டாது என்று இவள் சொன்னாள். பஸ் வந்ததும் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்தாள். தங்கை கீழே நின்று ஏதோ சொன்னாள். கண்ணாடி மூடியிருந்ததால் கேட்கவில்லை. இவள் தலையாட்டினாள். பஸ் நகர்ந்து வளைவு திரும்பியது. ஞாயிற்றுக்கிழமை மாலை, கூட்டமில்லை. பக்கத்து இருக்கையில் யாரும் வந்து உட்காரவில்லை. அடுத்த பஸ் மாற வேண்டிய இடம் வரும்வரை அவள் வெளியே பார்த்துக்கொண்டே போனாள்.